பத்து எழுத்துக் காரணம்

விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்தபோது, மருந்தக்கா மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்து, எழுபத்திரண்டு வயது ஆண் ஒருவர் கர்ப்பமாக இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டாம். கேட்டது அவள் இல்லை, திரை. பதில் எழுதாவிட்டால் பெரியவருக்கு மாத்திரை கிடையாது. "இவர் ஆண், வயது எழுபத்திரண்டு, கர்ப்பம் இல்லை" என்று அடித்தாள். திரை பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. பெரியவர் மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

மருந்தக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். பதினாறு வருஷம் அதே மருந்தகத்தில், அதே ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் சொந்தப் பெயர் யாருக்கு நினைவிருக்கும்? முன்பு மருந்துச் சீட்டு காகிதத்தில் வந்தது. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துப் படித்துத்தான் அவள் கண்ணாடி போட்டாள். அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் கதை விட வேண்டாம். அப்போதும் தப்பு நடந்தது, ஆள் செத்ததும் உண்டு. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது மென்பொருள் வந்தபோது முதலில் கை தட்டியவளே அவள்தான்.

அந்த மென்பொருளுக்குத் தெரியாத மருந்து இல்லை. எந்த மாத்திரை எதோடு சேரக் கூடாது, எந்த வயதுக்கு எது ஆகாது, எல்லாம் அதற்கு அத்துப்படி. தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லியும் தொலைக்கும், அதுதான் கஷ்டம். தூக்க மாத்திரை கொடுத்தால் "தூக்கம் வரலாம்" என்று திரையில் மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி வரும். அடப்பாவி, அதற்குத்தானே கொடுப்பது! ஒரு சீட்டுக்குப் பத்துப் பெட்டி, இருபது பெட்டி. மஞ்சள் பெட்டியை ஒரு தட்டு தட்டி மூடலாம். சிவப்புப் பெட்டி வந்தால் ஏன் மூடுகிறாய் என்று காரணம் எழுத வேண்டும். குறைந்தது பத்து எழுத்து.

முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காகக் காரணம் எழுதினார்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு நாளில் முந்நூறு சீட்டு, அதில் நூற்றைம்பது சிவப்பு. இரண்டாம் வாரம் பத்துப் புள்ளி வைத்தார்கள். மென்பொருள் விவரமானது, ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஒத்துக்கொள்ளாதபடி புதுப்பித்துவிட்டார்கள். இரண்டாம் ஜன்னல்காரர் அசரவில்லை. "ஈரெட்டு பதினாறு மூவெட்டு இருபத்துநாலு" என்று அடிக்க ஆரம்பித்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனுஷன், பதினாறாம் வாய்ப்பாடு வரை ஏறிவிட்டார். மருந்தகமே அவரை வாய்ப்பாடு என்று கூப்பிட்டது.

மருந்தக்காவுக்குக் கணக்கு வராது. அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடுகிறதோ அதை அடித்துவிடுவாள். "இன்னிக்குக் கால் ரொம்ப வலிக்குது." "பொண்ணு சாப்பிட்டாளோ இல்லையோ." "வெளியில மழை வரும்போல இருக்கு." விரல் பாட்டுக்கு அடிக்கும், பெட்டி மூடும், அடுத்தது வரும். படிக்க யாரும் இல்லாத இடத்தில் எதை எழுதினால் என்ன?

அப்படித்தான் கொத்தனார் விஷயம் நடந்தது. முப்பத்தைந்து வயசு இருக்கும் அவருக்கு. இதயத்தில் வால்வு மாற்றிய ஆள், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறவர். காலில் ஆணி குத்திப் புண் சீழ் வைக்க, டாக்டர் வேறொரு மாத்திரை எழுதினார். இரண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசியும். திரை சொன்னது. இருபத்துமூன்று பெட்டிகளில் பதினேழாவதாகச் சொன்னது, சிவப்பில் சொன்னது. மருந்தக்கா காரணம் அடித்து மூடினாள். ஐந்தாம் நாள் கொத்தனார் சாரத்தின் மேல் நின்றபடியே ரத்த வாந்தி எடுத்தார். கீழே விழாமல் கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆறு நாள் வார்டில் கிடந்து பிழைத்துக்கொண்டார்.

ஓலையில் இருந்தது இவ்வளவுதான்: வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, எச்சரிக்கையைப் பார்த்தும் அலட்சியப்படுத்தினாரா என்று விசாரிக்கப்படும். நிரூபணமானால் மருந்தாளர் பதிவு ரத்தாகும். பதிவு போனால் இந்த ஜன்னல் மட்டுமில்லை, எந்த மருந்துக் கடையிலும் அவள் ஒரு காய்ச்சல் மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது.

வாய்ப்பாடு எட்டிப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். "இங்க பாரும்மா. பெட்டி வரவே இல்லன்னு ஒரே போடா போடு. திரை அடிக்கடி தொங்குது, எல்லாருக்கும் தெரியும்."

"வந்துச்சாண்ணே?"

"என்னைக் கேட்டா? நீதான உக்காந்திருந்தே?"

அதுதான் வினை. அவளுக்குத் தெரியவில்லை. பார்த்தாளா, பார்க்கவில்லையா? அந்தக் காலைப்பொழுதை எத்தனை முறை உருட்டிப் புரட்டிப் பார்த்தும் பதினேழாவது பெட்டி நினைவுக்கு வரவில்லை. பதினாறாவதும் வரவில்லை, பதினெட்டாவதும் வரவில்லை. அன்று மட்டுமா, நேற்று மூடிய பெட்டிகளில் ஒன்றைச் சொல் என்றால்கூட அவளால் சொல்ல முடியாது. தப்பு செய்தவளுக்குத் தப்பாவது ஞாபகம் இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். அன்று பெற்றோர் கூட்டமாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் யாராவது வந்திருந்தார்களாம், இவளுக்கு மட்டும் ஒருவரும் இல்லையாம்.

"என்னங்க, உங்க போன்லயும்தானே தகவல் வந்திருக்கும்?" என்றாள் மருந்தக்கா கணவனிடம். அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தார்.

"அந்தக் குரூப்புல இருநூறு மெசேஜ் கெடக்கு. நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நான் நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க ரெண்டு பேரும்," என்றாள் மகள். பன்னிரண்டு வயசுக்கு அந்த வாய் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அன்று அதட்ட இருவருக்கும் முகம் இல்லை.

மருந்தக்கா ஓலையை எடுத்துக் காட்டினாள். கணவர் இரண்டு முறை படித்தார். அவரும் வாய்ப்பாடு சொன்னதையே சொன்னார்: வரவில்லை என்று சொல்லிவிடு. மகள்தான் கேட்டாள்.

"அம்மா, நெஜமா சொல்லு. நீ பாத்தியா, பாக்கலையா?"

"தெரியலடி."

"அதெப்படி தெரியாம இருக்கும்? கண்ணு முன்னாடி வந்துச்சுல்ல?"

கண் முன்னால் வருவதெல்லாம் பார்த்ததாகிவிடுமா? அதைப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? மருந்தக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. அசதிதான் வந்தது.

வியாழக்கிழமை இரண்டாம் மாடியில், நீள மேசை போட்ட அறை. ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், பக்கத்தில் கணினிப் பிரிவு அதிகாரி. எதிர்ப்பக்கம் கொத்தனார், முகம் இன்னும் வெளுப்பாக, வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்தக்காவுக்கு அவரை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லை.

மேசை நடுவில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. அவள் இரண்டு வருஷமாக அடித்த காரணங்கள் அத்தனையும் அச்சில். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தைரியமாக எழுதிய சமாசாரமாயிற்றே!

அதிகாரி படிக்க ஆரம்பித்தார். "முதுகுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. இது மருந்துக்கான காரணமா?"

"இல்ல சார்."

"பொண்ணுக்குத் தல பின்ன மறந்துட்டேன். இது?"

"இல்ல சார்."

"நாளைக்கும் இதேதான், நாளான்னைக்கும் இதேதான்." இதைப் படித்தபோது அதிகாரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. மேலே படிக்காமல் பக்கங்களைப் புரட்டினார்.

கண்காணிப்பாளர் இருமினார். "டாக்டருக்கும் இதே எச்சரிக்கை போயிருக்குமே. அவர் என்ன எழுதியிருக்கார்?"

அதிகாரி கணினியில் தேடினார். "'மருந்தாளர் பார்த்துக்கொள்வார்.' எல்லாச் சிவப்புக்கும் இதேதான் சார். சேமிச்சு வச்சிருக்கார். ஒரு பட்டனைத் தட்டினா தானா விழும்."

கொத்தனார் குறுக்கே பேசினார்.

"எனக்கு இதெல்லாம் புரியாது சார். மெஷினு சொல்லியிருக்கு. டாக்டர் பாத்திருக்கார், இவங்க பாத்திருக்காங்க. இத்தனை பேர் பாத்தும் எனக்கு ஏன் ரத்தம் வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

கண்காணிப்பாளர் மருந்தக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, நேரா கேக்கறேன். அந்தப் பெட்டியைப் பாத்தீங்களா, இல்லையா?"

வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். கணவர் காலையில்கூட ஒரு முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

"தெரியல சார்," என்றாள்.

"தெரியலன்னா எப்படி? அன்னிக்கு இவரோட பெட்டியில என்ன காரணம் போட்டிருக்காங்க, அதைப் படிங்க."

அதிகாரி தேடி எடுத்தார். "பெட்டி திரையில இருந்தது பதினோரு விநாடி சார். அடிக்கவே பத்து விநாடி ஆகியிருக்கும். எழுதியிருக்கறது..." கொஞ்சம் தயங்கிவிட்டுப் படித்தார். "'கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு பாவம் களிம்பு கேக்கணும்னு இவருக்குத் தோணல.'"

கொத்தனார் மேசை மேல் வைத்திருந்த இரண்டு கைகளையும் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டார்.

மருந்தக்காவுக்கு அப்போதுதான் அந்தக் காலைப்பொழுது திரும்பி வந்தது. பெட்டி இல்லை, கை. ஜன்னல் ஓட்டை வழியே நீண்ட வலது கை. விரல் கணு ஒவ்வொன்றிலும் வெடிப்பு, ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது, கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அத்தனையும் துல்லியமாக நினைவிருந்தது. இந்தக் கையோடு தினமும் சாந்து குழைக்கிறானே, எரியாதா என்று நினைத்ததுகூட நினைவிருந்தது.

"சார், நான் இவர் கையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்," என்றாள். "பெட்டியைப் பாக்கல. இப்ப தெரியுது, பாக்கல."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

வெளியே நடையில் கொத்தனார் அவளுக்காகக் காத்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனாள்.

"டாக்டர் என் மூஞ்சியக்கூடப் பாக்கலக்கா," என்றார் அவர். "எழுதிக்கிட்டே பேசினார். நீங்க கையப் பாத்திருக்கீங்க."

"அதைப் பாத்ததாலதான் தம்பி உங்களுக்கு ரத்தம் வந்துச்சு. நான் திரையைப் பாத்திருக்கணும்."

"ரெண்டையும் பாக்க முடியாதாக்கா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் அவளும் உண்மையைச் சொன்னாள்.

"முடியல தம்பி. முந்நூறு பேருக்கு முடியல."

அவர் தலையாட்டினார். மருந்தக்கா கைப்பையைத் துழாவி, தன் பாதப் பித்தவெடிப்புக்கு வைத்திருந்த களிம்பை எடுத்துக் கொடுத்தாள். "வேலை முடிஞ்சு நல்லாக் கழுவிட்டுத் தடவுங்க. மாத்திரையோட இதுக்கு ஒரு சண்டையும் வராது." கொத்தனார் முதல்முறையாகச் சிரித்தார்.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. பதிவு ரத்தாகவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். இனி இப்படி நடக்காமலிருக்க நடவடிக்கையும் எடுத்தார்கள். என்ன நடவடிக்கை என்கிறீர்கள்? காரணம் இனிமேல் பத்து எழுத்து போதாது, நாற்பது எழுத்து வேண்டும். அதோடு "மேற்கண்ட எச்சரிக்கையைப் படித்தேன்" என்று தட்ட இன்னொரு பெட்டி. மூன்று மாதம் கூடிப் பேசியிருந்தால் எண்பது எழுத்து ஆக்கியிருப்பார்களோ என்னவோ! வாய்ப்பாடு தலையில் அடித்துக்கொண்டார். பதினாறாம் வாய்ப்பாடு முழுசும் ஒரே பெட்டிக்குப் போய்விடும் என்று புலம்பினார்.

மருந்தக்கா புலம்பவில்லை. அன்றே கிடங்கிலிருந்து ஒரு மருந்துப் பெட்டி அட்டையை எடுத்து வந்தாள். கத்தரித்து, தன் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பசைநாடா போட்டு ஒட்டினாள். கீழே கை நுழைகிற ஓட்டை மட்டும் திறந்திருந்தது.

"என்னம்மா இது, மூஞ்சி தெரியாம?" என்றார் வாய்ப்பாடு.

"தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா பாத்துடுவேன்."

அன்றிலிருந்து அவள் படித்தாள். ஒவ்வொரு பெட்டியையும், மஞ்சளோ சிவப்போ, விரலைத் திரையில் வைத்து வரிவரியாகப் படித்தாள். இடையில் கவனம் சிதறினால் முதல் பெட்டியிலிருந்து மறுபடி படித்தாள். ஓட்டை வழியே கை வரும், டோக்கனை வாங்குவாள், மருந்தை வைப்பாள், நிமிர மாட்டாள். வரிசை வாசல் வரை போனது. அட்டைக்கு அந்தப் பக்கம் ஏச்சும் பேச்சும் கேட்டது. ஒருத்தர் அட்டையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கண்ணை மூடினாலும் மஞ்சளும் சிவப்புமாகப் பெட்டி ஓடியது. மகள் ஏதாவது கேட்டால் இரண்டாவது முறை கேட்டால்தான் காதில் விழுந்தது.

ஆறேழு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் இருபத்தாறு பெட்டிகளோடு ஒரு சீட்டு வந்தது. அவள் பத்தொன்பதாவதில் இருந்தபோது அட்டைக்கு அப்பால் ஒரு குரல்.

"அக்கா, நல்லாயிருக்கீங்களா?"

சிவப்புப் பெட்டி. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தது. மருந்தக்காவுக்கு முதுகு நிமிர்ந்தது. சேரவே கூடாதே!

"அக்கா, நான்தான். இங்க பாருங்களேன்."

ஓட்டை வழியே இரண்டு கைகள் உள்ளே வந்தன, டோக்கனோடு. அவள் கண் ஒரு கணம் அந்தப் பக்கம் நழுவப் பார்த்தது. இழுத்துப் பிடித்துத் திரைக்கே கொண்டுவந்தாள்.

"டோக்கனை வச்சிட்டு இருங்க," என்றாள். போனை எடுத்து மாடிக்குப் பேசினாள். டாக்டர் முனகினார், பிறகு பார்த்தார், பிறகு "ஐயையோ" என்றார். மாத்திரையை மாற்றினார். மிச்சம் ஏழு பெட்டிகளையும் படித்தாள். மேல்மூலையில் இருந்த பெயரை உறைமேல் இருந்த பெயரோடு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். சரிபார்ப்பது வேறு, ஆளை நினைப்பது வேறு. உறையை ஓட்டைப் பக்கம் தள்ளினாள்.

கைகள் இன்னும் அங்கேயே, விரித்தபடி இருந்தன.

"ஆறிடுச்சுக்கா. தெனம் தடவினேன். அதைக் காட்டலாம்னுதான்..."

"அடுத்த டோக்கன்," என்றாள் மருந்தக்கா, திரையைப் பார்த்துக்கொண்டே.

கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு வெளியே போயின.

இரண்டாம் ஜன்னலில் இருந்து வாய்ப்பாடு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? பாவம், முகமே செத்துப்போச்சு அந்தாளுக்கு."

"யாருக்கு?"

"உன் கொத்தனாருக்கு. இப்பத்தான போறார்?"

மருந்தக்கா எழுந்துவிட்டாள். அட்டையின் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தாள். வரிசையில் எரிச்சலோடு நின்ற முகங்கள்தான் தெரிந்தன, அவர் இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தாள். எழுபத்தெட்டுப் பேர் நின்றார்கள், டோக்கனோடு ஒரு கை ஏற்கெனவே உள்ளே வந்திருந்தது. காப்பாற்றிவிட்டாள், அது நிச்சயம். இந்த முறை பார்த்தாயா என்று யார் கேட்டாலும் பார்த்தேன் என்று சொல்லலாம்.

உட்கார்ந்தாள். அடுத்த சீட்டு, முதல் பெட்டியே சிவப்பு. படித்தாள், படித்தேன் என்று தட்டினாள். காரணம் கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு விரல் பாட்டுக்கு அடித்தது: "கை ஆறிவிட்டதாம். நான் பார்க்கவில்லை."

இன்னும் இருபத்துமூன்று எழுத்து தேவை என்றது திரை.

அதற்குமேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அடித்ததை அழித்துவிட்டு, மருந்தைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.